படம் பெற்ற தலங்கள்

கதை நடந்த இடத்தைப் போய்ப் பார்க்கவேண்டும் என்கிற ஆசை மனிதனுக்குப் புதிதல்ல. நாயன்மார்கள் பாடிய கோயில்களைப் பாடல் பெற்ற தலங்கள் என்று கணக்கெடுத்துக்கொண்டு, ஒன்று விடாமல் தரிசித்து வருகிறவர்கள் நம்மிடையே இன்றும் இருக்கிறார்கள். பாட்டு முதலில் வந்தது, பயணம் பிறகு. பாட்டு தெரிந்து போகிறவனுக்குக் கோயிலும் ஊரும், அந்த ஊர்க் குளமும்கூட, வேறு மாதிரியாகத்தான் தோன்றுகின்றன. ஆகவே, டெலிவிஷன் தொடரில் பார்த்த ஹோட்டலில் போய்த் தங்குவதற்காகவே விடுமுறையைத் திட்டமிடுகிறவர்களைக் கண்டு சிரிக்க நான் தயாராக இல்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இது பெரிய வழக்கமாகி, 'செட்-ஜெட்டிங்' என்று ஒரு பெயரும் பெற்றுவிட்டது. என் கேள்வி ஒன்றுதான். இவர்கள் பாட்டைக் கேட்டுவிட்டுப் போகிறார்களா, கோபுரத்தின் படத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்களா?

இந்தக் கேள்விக்கு 'தி வைட் லோட்டஸ்' என்ற அமெரிக்கத் தொடரைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. மைக் வைட் என்பவர் தாமே எழுதி, தாமே டைரக்ட் செய்து, எச்.பி.ஓ. நிறுவனத்துக்காகத் தயாரித்தது. முதல் தொகுதி 2021-லும், இரண்டாவது 2022-லும், மூன்றாவது 2025-லும் வெளிவந்தன. முதல் கதை ஹவாய்த் தீவுகளில் நடக்கிறது, அடுத்தது ஸிஸிலியில், மூன்றாவது தாய்லாந்தில். மூன்றிலும் 'வைட் லோட்டஸ்' என்ற கற்பனை ஹோட்டல்தான் களம். தொடக்கத்திலேயே ஒரு சாவு என்று நமக்குத் தெரிந்துவிடும். பிறகு கதை ஒரு வாரம் பின்னால் போகும். பணக்கார விருந்தினர்கள் படகில் வந்து இறங்குவார்கள். சிப்பந்திகள் வரிசையாக நின்று புன்னகை செய்வார்கள். அந்த வாரம் முடிவதற்குள் புன்னகைக்குப் பின்னால் இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும்.

முதல் தொகுதியின் கதையைச் சற்று நினைத்துப் பார்க்கலாம். புதுமணத் தம்பதி ஒன்று வருகிறது. தான் பணம் கட்டிய அறை வேறு, கிடைத்த அறை வேறு என்று மாப்பிள்ளை ஷேனுக்குக் கோபம். கிடைத்ததும் சொர்க்கம் போன்ற அறைதான். அது அவனுக்குப் பொருட்டில்லை. மானேஜர் ஆர்மண்டை விடாமல் துரத்துகிறான். பணிக்கு வந்த முதல் நாளே லானி என்ற பெண்ணுக்குப் பிரசவ வலி எடுக்கிறது. வேலை போய்விடுமே என்று கர்ப்பத்தை மறைத்துக்கொண்டு வந்தவள் அவள். அந்த ஒரு நாளோடு கதையிலிருந்தும் விலகிவிடுகிறாள். காய் என்ற உள்ளூர் இளைஞன், தன் குடும்பம் தங்களுடையது என்று சொல்லும் நிலத்தில் எழுந்த அதே ஹோட்டலில், விருந்தினர் சாப்பிடும்போது ஆடிக் காட்டுகிறான். ஹவாய் அரசி 1893-ல் பதவியிலிருந்து தள்ளப்பட்டாள். 1898-ல் தீவுகள் அமெரிக்காவோடு சேர்க்கப்பட்டன. அந்தச் சரித்திரம் முழுவதும் அந்த ஆட்டத்துக்குப் பின்னால் இருக்கிறது. கடைசியில் காய் திருட்டுக் குற்றத்தில் அகப்படுகிறான். ஆர்மண்ட் ஷேனின் கையால் சாகிறான். ஷேனுக்கு ஒன்றும் ஆவதில்லை. விமானம் ஏறி வீடு திரும்புகிறான்.

இவ்வளவையும் பார்த்துவிட்டு, மௌயித் தீவில் அது படமாக்கப்பட்ட ஃபோர் ஸீஸன்ஸ் ஹோட்டலில் அறை கிடைக்குமா என்று ஏராளமான பேர் விசாரித்தார்கள். ஓர் இரவு வாடகையே ஆயிரம் டாலரைத் தாண்டக்கூடிய இடம் அது. மாமன் மச்சான் சண்டையில் கொலையில் முடிந்த ஒரு கல்யாணத்தைப் பற்றிக் கேட்டவன், 'அந்தக் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவர் யார், விலாசம் வேண்டும்' என்று கேட்பதுபோல இருக்கிறது இது.

பார்க்கிறவர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிட்டு விமர்சகன் தன் வேலை முடிந்ததென்று போய்விடலாம். அது சுலபம்; நியாயமும் அல்ல. அவர்களுக்கு அந்த ஆசையை ஊட்டியது யார்?

மைக் வைட் இந்த விஷயத்தை அறியாதவர் அல்ல. இரண்டாவது தொகுதியில் டான்யா என்ற பணக்காரி வருகிறாள். இத்தாலி என்றால் அவளுக்கு வெஸ்பா வண்டி, தலையில் முக்காடு, மோனிகா விட்டி என்ற நடிகையின் சாயல். பழைய படங்களிலிருந்து எடுத்துக் கோத்த கனவு அது. அதை ஒரு நாளைக்கு வாழ்ந்து பார்க்க முனைகிறாள். கனவு அரை நாள்கூடத் தாங்குவதில்லை. அதே தொகுதியில் தாத்தா, அப்பா, பேரன் ஆகிய மூன்று ஆண்கள், 1972-ல் வந்த 'தி காட்ஃபாதர்' படத்தின் ஒரு காட்சி எடுக்கப்பட்ட மாளிகைக்குச் சுற்றுலா போகிறார்கள். படத்தில் மைக்கேலின் இளம் மனைவி வெடிகுண்டுக்குப் பலியான இடம் அது. அங்கே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே, அந்தப் படம் பெரியதா இல்லையா, ஆண்கள் எல்லோரும் இப்படித்தானா என்று விவாதிக்கிறார்கள். ஒரு பெண்ணின் சாவு அவர்களுக்குச் சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்ளும் பேச்சாகிவிடுகிறது. படம் பார்த்து இடம் தேடிப் போகிறவர்களைப் பற்றி இதைவிடக் கூர்மையாக ஒரு விமர்சகன் என்ன எழுதிவிட முடியும்? அந்தத் தொகுதியைப் பார்த்துவிட்டு ஸிஸிலிக்குக் கிளம்புகிறவர், தம்மையே திரையில் பார்த்தும் அடையாளம் தெரியாமல் எழுந்து வந்தவர் என்றுதான் சொல்லவேண்டும்.

ஆனால் ஆசிரியர் எழுதுவது ஒன்று. காமிரா செய்வது வேறொன்று. முதல் தொகுதியின் தலைப்புக் காட்சியில் சுவர்க் காகிதத்தின் பழங்களும் இலைகளும் கண் முன்னாலேயே அழுகிக் கெடுகின்றன. ஆசிரியரின் எண்ணம் அதில் தெளிவாக இருக்கிறது. காட்சி முடிந்ததும் காமிரா அந்த எண்ணத்தை மறந்துவிடுகிறது. ஒரு சண்டைக்கும் அடுத்த சண்டைக்கும் நடுவே நீலக் கடலைக் காட்டுகிறது. அந்தி வானத்தையும், காற்றில் அசையும் வெள்ளைத் திரைச்சீலையையும் காட்டுகிறது. நாவலில் ஓர் அறையை வர்ணித்தால், அந்த அறை யாராவது ஒரு பாத்திரத்தின் கண் வழியாகத்தான் வாசகனிடம் வந்து சேரும். துக்கத்தில் இருப்பவளின் கண்ணுக்குப் பட்டு மெத்தையும் பாரமாகத் தெரியும். காமிராவின் அழகுக்கு அப்படி ஒரு சொந்தக்காரர் இல்லை. பாத்திரங்கள் என்ன பாடு பட்டாலும் கடல் அழகாகவே இருக்கிறது. கதை ஒரு வாரத்தில் தீர்ந்துவிடுகிறது, கடல் தீர்வதில்லை. பரிகாசம் செய்ய எடுத்துக்கொண்ட பண்டத்தையே இவ்வளவு ருசியாகப் பரிமாறினால், சாப்பிட வந்தவன் இன்னும் கொஞ்சம் கேட்பதில் என்ன ஆச்சரியம்?

மைக் வைட்டின் சார்பில் ஒரு வாதம் உண்டு. ஆசை காட்டினால்தான் ஆசையின் கேட்டைக் காட்ட முடியும். அசிங்கமான ஹோட்டலில் இந்தக் கதை நடக்காது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்றாவது தொகுதி வெளிவந்தபோது, அந்த ஹோட்டல் நிறுவனமே தொடரோடு கைகோத்துக்கொண்டு விளம்பரம் செய்தது. தாய்லாந்து அரசும் படப்பிடிப்புக்குச் சலுகை கொடுத்தது. கேலிக்கு ஆளாகிறவனே கேலிக்காரனுக்குப் பந்தி விரித்தால், கேலியில் பல் இல்லை என்று அவன் கண்டுகொண்டான் என்றுதான் அர்த்தம். கலைஞனுக்கு இது கௌரவமான செய்தி அல்ல.

இடத்தைத் தேடிப் போகிறவருக்கு இன்னொரு ஏமாற்றமும் காத்திருக்கிறது. திரையில் பார்த்த இடம் பூமியில் இல்லை. ஸிஸிலிக் கதை எடுக்கப்பட்ட ஸான் டொமினிகோ ஹோட்டல், தவோர்மினா ஊரில் மலைமேல் இருக்கிறது. விருந்தினர்கள் காலாற நடந்து போய்ப் படுத்துக்கொள்வதாகக் காட்டிய கடற்கரையோ, தீவின் வடகரையில், பல மணி நேரப் பயணத் தூரத்தில், செஃபலு என்ற ஊரில் இருக்கிறது. தாய்லாந்து ஹோட்டல் ஸமுய், புக்கெட் என்ற இரண்டு தீவுகளில் உள்ள பல ஹோட்டல்களின் துண்டுகளை ஒட்டித் தைத்தது. இருக்கிற இடத்துக்கு அதன் சொந்தக் கதை இல்லாமலும் இல்லை. ஸான் டொமினிகோ பல நூற்றாண்டுகள் டொமினிக்கன் துறவிகளின் மடமாக இருந்து, 1896-ல் ஹோட்டலானது. இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மானியரின் தலைமையகமாகி, 1943-ல் குண்டுவீச்சுக்கு ஆளானது. துறவிகள் நடந்த தாழ்வாரத்தில் நின்றுகொண்டு, 'டான்யா நின்ற பால்கனி எது?' என்று கேட்கிறவருக்கு அந்தத் தாழ்வாரம் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

இந்த இடத்தில் பழைய ஹோட்டல் தொடர் ஒன்றை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. ஜான் கிளீஸும் கானி பூத்தும் எழுதி, பி.பி.ஸி.யில் 1975-லும் 1979-லும் ஒளிபரப்பான 'ஃபால்ட்டி டவர்ஸ்'. மொத்தமே பன்னிரண்டு பகுதிகள்தாம். டார்க்கி என்ற இங்கிலாந்துக் கடற்கரை ஊரில், கிளீஸ் 1970-ல் தங்கிய கிளெனீகிள்ஸ் என்ற ஹோட்டலும் அதன் முதலாளியின் கடுகடுப்பும்தான் அதற்கு விதை. அந்தத் தொடரில் நாம் விருந்தினராக உட்காருவதே இல்லை; மேஜைக்குப் பின்னால் நிற்கிறோம். சமையற்கட்டுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே ஓடுகிறோம். முதலாளி பேஸில் விருந்தினரிடம் குழைவதும், குழைந்த அவமானத்தை மானுவெல் என்ற ஸ்பானியப் பரிசாரகன் தலையில் இறக்குவதும் நமக்குச் சிரிப்பாக இருக்கிறது. சற்று வலிக்கவும் செய்கிறது. அந்த ஹோட்டலின் மெத்தையை யாரும் நினைவு வைத்துக்கொண்டதில்லை. மானுவெலை மறந்தவரும் இல்லை. டார்க்கிக்குத் தேடிப் போனவர்கள் மனிதர்களைத் தேடித்தான் போனார்கள். இத்தனைக்கும் வெளிப்புறக் காட்சிகள் அந்த ஊரில் எடுக்கப்படவே இல்லை. பக்கிங்ஹாம்ஷயரில் ஒரு கிளப்பின் வாசலில் எடுத்தவை. கிளெனீகிள்ஸ் 2015-ல் மூடப்பட்டு, பின்னர் இடிக்கப்பட்டது. அந்த இடத்தில் எழுந்த முதியோர் குடியிருப்புக்கு, மானுவெலாக நடித்த ஆண்ட்ரூ ஸாக்ஸின் பெயரால் 'ஸாக்ஸ் லாட்ஜ்' என்று பெயர் வைத்தார்கள். முதலாளி வேஷம் போட்டவரின் பெயர் அல்ல. தட்டு ஏந்தி ஓடியவரின் பெயர். ஒரு கதை ஓர் ஊரில் இப்படித்தான் தங்கவேண்டும்.

'தி வைட் லோட்டஸ்' தொடரில் வேலை செய்கிறவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். நன்றாகவே எழுதப்பட்டும் இருக்கிறார்கள். உடம்பு பிடித்துவிடும் பெலிண்டா முதல் தொகுதியின் மிக உண்மையான பாத்திரம் என்பது என் அபிப்பிராயம். தனியாகத் தொழில் வைத்துத் தருகிறேன் என்று டான்யா அவளுக்கு ஆசை காட்டுகிறாள். ஊருக்குத் திரும்பும்போது கையில் கொஞ்சம் பணத்தைத் திணித்துவிட்டுப் போய்விடுகிறாள். மூன்றாவது தொகுதியில் பெலிண்டாவுக்கு ஐம்பது லட்சம் டாலர் கிடைக்கிறது. கிடைத்த மறுநாளே, கூட்டாகத் தொழில் தொடங்கலாம் என்று நம்பியிருந்த தாய்லாந்துக்காரனிடம், டான்யா தனக்குச் செய்ததையே அவள் செய்துவிட்டுப் படகேறிப் போகிறாள். மூன்று தொகுதிகளிலும் என்னை உலுக்கிய இடம் இதுதான். விருந்தாளியாக மாறுவது என்றால் மறந்துவிடப் பழகுவது என்று அந்தக் காட்சி சொல்கிறது. ஆனால் அறை பெருக்கிப் படுக்கை விரிக்கிறவளுக்கு மூன்று தொகுதியிலும் தனிக் கதை என்று ஒன்று இல்லை. நாம் ஆசைப்படுவது அவள் விரித்த படுக்கைக்கு.

இது வெறும் கலைப் பிரச்சினை என்று நினைத்துவிட வேண்டாம். மௌயித் தீவின் மேற்கே உள்ள லஹைனா என்ற பழைய நகரம் 2023 ஆகஸ்டில் தீப்பிடித்து அழிந்தது. சுமார் நூறு பேர் மாண்டார்கள், ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தார்கள். ஹோட்டல்களில் வேலை செய்து பிழைத்தவர்கள் அவர்களில் நிறையப் பேர். வீடிழந்தவர்கள் ஹோட்டல் அறைகளிலேயே தங்கவைக்கப்பட்டார்கள். இரண்டு மாதம் கழித்து, அக்டோபரில், அந்தப் பகுதி சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்துவிடப்பட்டபோது, இன்னும் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள் என்று உள்ளூர்க்காரர்கள் மன்றாடினார்கள். பயணிகள் வராவிட்டால் பிழைப்பு இல்லை. வந்தாலோ, துக்கம் தீராத முகத்தோடு புன்னகை செய்தாகவேண்டும். தொடரின் முதல் காட்சியில் வரிசையாக நின்று புன்னகை செய்தார்களே, அந்தப் புன்னகையின் விலை என்ன என்று அப்போது எல்லோருக்குமே தெரிந்தது. தொடர் படமான ஹோட்டலைத் தீ தொடவில்லை. அது தீவின் வேறொரு பக்கத்தில் இருக்கிறது. பயணத் திட்டம் போடுகிறவர்களுக்கு அது ஓர் ஆறுதலாக இருந்திருக்கலாம்.

போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. பணம் இருக்கிறவர்கள் போகட்டும்; கடல் அழகானதுதான். நல்ல கதையைப் படித்தவன் அது நடந்த ஊருக்குப் போகும்போது, அங்கே இருக்கிற மனிதரைக் கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்கிறான். கதை அவனுக்குள் வேலை செய்திருக்கிறது என்பதற்கு வேறு அடையாளம் இல்லை. கதையைப் பார்த்துவிட்டுப் போயும், தட்டை நீட்டுகிறவனின் முகம் கண்ணில் படாமல், தட்டு மட்டுமே படுகிறது என்றால், தவறு பயணியுடையது பாதி. கதை சொன்னவருடையது பாதி. என்னைக் கேட்டால், கதை சொன்னவருடைய பாதி சற்றுப் பெரியது என்பேன். பயணி ஒரு வாரத்தில் வீடு திரும்பிவிடுகிறான். கதை சொன்னவருக்கு அடுத்த தொகுதி இருக்கிறது. அடுத்த ஹோட்டலும் இருக்கிறது.