பேய் வீட்டில் எரிய வேண்டிய விளக்கு

அக்டோபர் பிறந்தால் அமெரிக்காவில் பள்ளிக்கூட ஹாலிலும் கார் ஷெட்டிலும், வருபவர்களை விளையாட்டாகப் பயமுறுத்தும் பேய் வீடுகள் முளைத்துவிடும். அவற்றை அமைப்பவர்களுக்குச் சொல்லப்படும் மின் பாதுகாப்பு அறிவுரை பெரும்பாலும் ஒரே மாதிரிதான். ஒயர் காலில் தடுக்காமல் ஒட்டு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் செருகாதே, ஈரம் படும் இடத்தில் மின்கசிவு கண்டதும் ட்ரிப் ஆகும் பிளக் பாயின்ட் வை. எதுவும் தப்பில்லை. ஆனால் இவை அத்தனையும் ஷாக்கையும் தீப்பொறியையும் தடுக்கி விழுவதையும் மட்டுமே எதிரியாகப் பார்க்கின்றன, இருட்டைப் பார்ப்பதில்லை.

நியூ ஜெர்சியின் ஜாக்சனில், சிக்ஸ் ஃப்ளாக்ஸ் கிரேட் அட்வென்ச்சர் பூங்காவின் ‘ஹான்டட் காசில்’ 1984 மே 11 அன்று எரிந்தது. எட்டுப் பதின்வயதினர் இறந்தார்கள். பதினேழு டிரெய்லர்களைக் கோத்துக் கட்டி, உள்ளே பிளைவுட்டும் துணியும் ஃபோமும் வைத்திருந்தார்கள். 1979இலிருந்து நின்ற அந்தக் கூடத்தைத் தற்காலிகக் கட்டுமானம் என்று கணக்குக் காட்டியதால் தீ கண்டால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளரும் இல்லை, புகை அலாரமும் இல்லை. உள்ளே விட்டுவிட்டு மின்னும் ஒரு ஸ்ட்ரோப் விளக்கு பழுதாகி நடைவழி இருண்டு கிடந்தது. வழி தேட ஒரு சிறுவன் லைட்டரைப் பற்றவைத்தான், சுவரில் மெத்தையாக ஒட்டியிருந்த ஃபோம் பிடித்துக்கொண்டது என்பதே விசாரணையில் வெளிவந்த காரணம். தீவைப்பு என்று வாதாடிய நிறுவனத் தரப்பை 1985இல் ஜூரி விடுவித்தது. அது சட்டத்தின் கணக்கு. ஒயரிங் போடுகிறவர் பார்க்க வேண்டியது வேறு: எந்த ஒயரும் தீப்பிடிக்கவில்லை, ஒரு விளக்கு எரியவில்லை, அவ்வளவுதான்.

ஸ்பிரிங்க்ளர் இருந்திருந்தால் விளக்கு அணைந்தது பெரிய விஷயமாகியிருக்காதே என்று கேட்கலாம். நியாயம். முதலிடம் ஸ்பிரிங்க்ளருக்குத்தான், இரண்டாவது எளிதில் பற்றாத பொருட்களுக்கு. ஆனால் ஒரு வாரக் கொண்டாட்டத்துக்குக் கார் ஷெட்டைப் பேய் வீடாக்கும் பெற்றோர் ஸ்பிரிங்க்ளர் போடப்போவதில்லை. பொருட்களைத் தவிர அவர்கள் கையில் இருப்பது ஒயரிங் மட்டும்.

அந்த ஒயரிங்கையே பார்ப்போம். அமெரிக்க வீட்டின் 120 வோல்ட், 15 ஆம்பியர் சர்க்யூட் தாங்குவது 1,800 வாட். மூன்று மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓடுவதானால் 80 சதவீதமான 1,440 வாட்டோடு நிறுத்த வேண்டும். புகை இயந்திரத்தில் ஹீட்டர் இருக்கிறது. 1,000 வாட் இயந்திரம் இரண்டை ஒரே சர்க்யூட்டில் போட்டு, இரண்டும் ஒருசேரச் சூடேறினால் பிரேக்கர் விழலாம். விழுவது நல்லதுதான், அதற்குத்தானே அது. ஆனால் நடைவழி விளக்கும் அதே சர்க்யூட்டில் இருந்தால், புகைக்கு நடுவே இருபது குழந்தைகள் கும்மிருட்டில் நிற்பார்கள். நாலைந்து மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் பிளக் பாயின்ட்டும் இதைத்தான் செய்யும். உயிரைக் காக்க வைத்த கருவியே இருட்டைக் கொண்டுவந்துவிடுகிறது. வழக்கமான அறிவுரைகள் இந்த முரணைக் கண்டுகொள்வதில்லை.

தொழில்முறைப் பேய் வீடுகளுக்கான இன்றைய அமெரிக்க மாதிரிக் கட்டட விதி கண்டுகொண்டிருக்கிறது. புகையை உணர்ந்ததும் அலறல் ஒலியும் குழப்பும் காட்சியும் நின்று, வெளியேறும் வழியில் குறைந்தது 11 லக்ஸ் வெளிச்சம் வர வேண்டும் என்கிறது. ஆகவே என் தீர்ப்பு விதியின் பக்கம். ஷெட்டில் செய்பவர்கள் நடைவழி விளக்கைத் தனி சர்க்யூட்டில் போட்டு, ஒலியையும் காட்சியையும் நிறுத்தி அந்த விளக்கைப் போடும் சுவிட்ச் அருகே வேறு வேலை இல்லாத ஓர் ஆளை நிறுத்தினாலே பாதி தூரம் வந்துவிடுவார்கள். கரன்ட்டே போனால் பேட்டரி விளக்கு. திறப்பதற்கு முந்தின நாள் ஒருவர் நடுவழியில் நிற்க, இன்னொருவர் மெயினை இறக்கட்டும். நிற்பவருக்குக் கதவு தெரியவில்லையென்றால், ஒயரை எவ்வளவு ஒழுங்காக ஒட்டியிருந்தாலும் அந்தப் பேய் வீட்டைத் திறக்கக் கூடாது.