பச்சை வேண்டாம், நீலம் போதும்

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு தொடங்கியதையும், மயிலாப்பூரில் பிறந்த டாக்டர் சாந்தா தன் ஆயுளை அங்கே செலவிட்டதையும் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்குச் சொல்லித் தீராதது வேறொன்று: அடையாறோ தி. நகரோ, எந்தக் கீமோ வார்டானாலும், நோயாளியின் கையில் இடம் தேடும் கைதேர்ந்த சிஸ்டரின் விரல்.

கண்ணுக்குத் தெரியும் நரம்பை அந்த விரல் உடனே நம்பிவிடுவதில்லை. அழுத்தி விடுகிறது, மீண்டு எழுகிறதா என்று பார்க்கிறது. முன்பு ஏற்றிய மருந்தில் இறுகிப்போன நரம்பு எழாது, அதை விட்டு நகர்கிறது. மணிக்கட்டும் முழங்கை மடிப்பும் வேண்டாம். கை மடங்கும்போதெல்லாம் உள்ளே ஊசிக்குழாயின் நுனி நரம்பின் சுவரை உரசும். மார்பக ஆபரேஷனில் அக்குள் முடிச்சுகளை எடுத்திருந்தால் கூடுமானவரை அந்தப் பக்கத்துக் கைக்கே போவதில்லை. கடைசியில் முன்கையில் நேரான ஓரிடம். “லேசா எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்மா.”

அடுத்து நிறம். வென்ஃப்லான் என்னும் அந்த ஊசிக்குழாயில் பச்சை என்றால் 18-ம் நம்பர், ஏறக்குறைய 1.3 மி.மீ. தடிமன், நீலம் 22, சுமார் 0.9 மி.மீ. விபத்தில் வந்தவருக்கு ரத்தம் வேகமாக ஏற்றப் பச்சை வேண்டும். எரிச்சலூட்டும் மருந்துக்கு நீலமே அழகு. மெல்லிய குழாயைச் சுற்றி ரத்தம் தாராளமாக ஓடும். மருந்து அதில் கரைந்து நீர்த்துவிடும், சுவரை அரிக்க நேரம் கிடைக்காது. பருத்த குழாய் பாதையை அடைத்துக்கொண்டால் பொட்டாசியமோ வேன்கோமைசினோ தேங்கி எரிக்கும். ரத்தக்குழாயின் அகலத்தில் பாதியைக்கூட வென்ஃப்லான் எட்டக் கூடாது. மாதக்கணக்கில் கீமோ என்றால், மருந்தை இதயத்தை ஒட்டிய பெருஞ்சிரைக்கே கொண்டுபோகும் போர்ட்டோ பிக் லைனோதான் நல்லது: அங்கே நிமிடத்துக்குச் சுமார் 2 லிட்டர் ரத்தம் ஓடுகிறது, புறங்கையில் அதில் நூறில் ஒரு பங்குகூடக் கிடையாது. செலவை நினைத்துப் போர்ட்டைத் தள்ளிப்போடுகிற குடும்பங்கள் உண்டு; அவர்களுக்கு இந்த விரல்தான் காவல்.

சலைன் விடுவதிலும் ஒரு தாளம் இருக்கிறது. ஒரேயடியாக அழுத்தாமல், கொஞ்சம் தள்ளி, நிறுத்தி, மறுபடி தள்ளுகிறார். அந்தச் சுழலில்தான் ஒட்டியிருப்பது கழன்று போகும். சின்ன சிரிஞ்சு கைக்கு அடக்கமாக இருந்தாலும் அழுத்தம் அதில்தான் அதிகம் என்பதால் பத்து மில்லி சிரிஞ்சைத்தான் எடுக்கிறார். மேலே கண்ணாடிபோன்ற ஒட்டுப்படலம். வெள்ளைப் பிளாஸ்திரியைச் சுற்றிச் சுற்றி ஒட்டி, ஊசி போன இடத்தையே மறைத்துவிடும் பழக்கத்தை நான் மன்னிப்பதில்லை. சிவப்பும் வீக்கமும் முதலில் தெரிவது அங்கேதானே?

“எரியுதா பாட்டி?”

“கொஞ்சம்...”

அந்தக் “கொஞ்சம்” போதும், டிரிப்ஸ் நின்றுவிடும். சிவப்பு நிற டாக்ஸோரூபிசின் வெளியே கசிந்தால் சதையே புண்ணாகிவிடும். பதறிப்போய் வென்ஃப்லானைப் பிடுங்குவதுதான் எவருக்கும் தோன்றும். தேர்ந்த சிஸ்டர் அதை அப்படியே விட்டு, அதே வழியாகச் சிரிஞ்சால் மருந்தை எவ்வளவு முடியுமோ அவ்வளவு உறிஞ்சியெடுத்த பிறகே உருவுகிறார். டாக்டருக்குச் சொல்லிவிட்டுக் கையை உயர்த்தி வைத்துக் குளிர் ஒத்தடம் தருகிறார். வின்கிரிஸ்டின் கசிந்திருந்தால் குளிர்ச்சி ஆகாது. அதற்குச் சூடான ஒத்தடம்.