அமானிதமான தாள்கள்

அறிஞர் ஒருவரின் அச்சேறிய நூல் அவர் கண்ட முடிவைக் கூறும். அவர் அடித்துத் திருத்திய தாளோ அம்முடிவுக்கு வந்த வழியைக் காட்டும். வழியறியாதவன் செய்யும் திறனாய்வு அரைகுறையானதே என்பது நம் கருத்து.

கணிதமேதை இராமானுஜன் 1920இல் மறைந்தார். அவர்தம் இறுதிக்காலத் தாள்கள் இங்கிலாந்து சென்று, பேராசிரியர் வாட்சனிடம் தங்கின. 1965இல் வாட்சன் மறைந்தபின், எரிக்கப்படவிருந்த காகிதக் குவியலிலிருந்து அவை மீட்கப்பட்டு, 1968இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தைச் சேர்ந்தன. 1976இல் அமெரிக்க அறிஞர் ஆன்ட்ரூஸ் அவற்றைக் கண்டறிந்தார். 600க்கு மேற்பட்ட சூத்திரங்கள் உலகுக்குக் கிட்டின.

நம் புதுக்கோட்டை மாவட்டத்துக் கோட்டைப்பட்டினம், அம்மாபட்டினம் போன்ற ஊர்களில், மர்ஹூம்களான ஆலிம்களின் அரபுத்தமிழ்த் தாள்களை நாம் என் செய்கிறோம்? வீடு புதுப்பிக்குங்கால், அரபெழுத்து மிதிபடலாகாதென்று படித்துப் பாராமலே மண்ணில் புதைத்துவிடுகிறோம். சிதைந்த முஸ்ஹபுக்கு அம்மரியாதை தகும். பாட்டனாரின் கடிதத்திற்கும் பாடக்குறிப்பிற்கும் அது தகுமா? அது அதபு அன்று; அலட்சியம்.

கடனையும் எழுதிவைக்கப் பணிக்கிறது சூரத்துல் பகரா. எழுதிவைத்த கல்வியைப் புதைப்பது எங்ஙனம் நியாயமாகும்? அரபுத்தமிழ் படிக்கத் தெரிந்த முதியோர் நம்மிடையே இருக்கும்போதே பெட்டியைத் திறப்போம். எழுதியவர் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைக் கேட்டுக் குறித்து, பல்கலைக்கழக நூலகமொன்றில் அந்த அமானிதத்தை ஒப்படைப்போமாக.