தீர்த்தமும் குடிநீரும்

நகரங்கள் தம் குடிநீர் வரலாற்றைக் காட்சிக்கு வைக்கும்போது பெரும்பாலும் இயந்திரத்தைத்தான் வைக்கின்றன. லிஸ்பன் தண்ணீர் அருங்காட்சியகத்தின் பெருமை, 1880 முதல் 1928 வரை ஓடிய நீராவிப் பம்புகள். அழகானவைதாம். ஆனால் ஓய்ந்துபோன இயந்திரம் யாரோடும் வாதிடாது. தண்ணீர் யாருக்குப் போயிற்று, யாருக்குப் போகவில்லை என்பது அதன் பளபளப்பில் தெரிவதில்லை.

சென்னைக்கு அப்படியொரு காட்சிசாலை வைத்தால், ஒரு சுவரில் 1772-ல் கோட்டைக்கு நீர் தர ஏற்பட்ட ஏழு கிணறு இருக்கலாம். எதிர்ச்சுவரில், 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன்களில் வில்லிவாக்கம் வந்த தண்ணீர் ரயில். நடுவில் 247 ஆண்டுகள். விளக்கப் பலகையே வேண்டாம்.

ரமணாசிரமப் பகுதியில் காட்சிசாலை சுவரில்லாமலே இருக்கிறது. ஆசிரமத்தை ஒட்டிப் பாலி தீர்த்தம், அப்பால் பலாக்கொத்து, கிரிவலப் பாதையில் சிம்ம தீர்த்தம். ஊர்க் குழாய்க்கோ 1958-ல் கட்டி முடித்த சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணை வர வேண்டியிருக்கிறது. தீர்த்தத்துக்குத் தலபுராணம் உண்டு, குடம் கிடையாது. குழாய்க்குக் குடம் உண்டு, தலபுராணம் கிடையாது.

நம் புதுக்கவிதை பெரும்பாலும் தீர்த்தத்தின் பக்கமே நின்றுவிட்டது. படித்துறை, பாசி, குளத்தில் விழுந்த நிலா என்று எல்லாம் படிமமாயிற்று. படிமமான தண்ணீருக்கு விநியோகம் இல்லை. எல்லோர் கைக்கும் எட்டுவதாகப் பாவனை செய்யலாம். குழாயடியை நாடகத்துக்கு விட்டுவிட்டோம். 1981-ல் திரைப்படமும் ஆன கோமல் சுவாமிநாதனின் ‘தண்ணீர் தண்ணீர்’ தாகத்தை நிர்வாகப் பிரச்னையாகப் பார்த்தது. அதன் கோபம் முதன்மையாக அரசு அலுவலகத்தின் மேல். அது நியாயமான கோபம். ஆனால் ஊரையும் கேட்க வேண்டியிருக்கிறது.

1927-ல் மகாடின் சவுதார் குளத்தில் அம்பேத்கர் நீர் அள்ளிக் குடித்தது தாகத்தைத் தணிக்க அல்ல. குளம் யாருடையது என்று கேட்க. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரியவந்தது. கேள்வி இன்னும் அதே இடத்தில்தான் நிற்கிறது. குழாய் வந்துவிட்டால் சாதி கரைந்துவிடும் என்ற நவீன நம்பிக்கைக்குத் தொட்டி சொன்ன பதில் அது.

இவ்விரண்டுக்கும் இடம் தராத தண்ணீர் அருங்காட்சியகம் வெறும் பம்பு அருங்காட்சியகம்தான். கவிதைக்கு வேறு அளவுகோல் வேண்டுமென்று எனக்குத் தோன்றவில்லை. தொட்டியைப் பார்க்க மறுக்கும் கண், குளத்தில் பார்ப்பது தன் முகத்தை மட்டுமே.