முன்குறித்தல் தலையெழுத்து அல்ல

துக்க வீட்டில் போதகர் ஜெபித்து முடித்ததும் ஒரு பெரியவர் "எல்லாம் தேவ சித்தம்" என்பார். பக்கத்து வீட்டுக்காரர் "தலையெழுத்து" என்பார். இரண்டும் ஒன்றுதான் என்று நம் சபையாரிலேயே பலர் நினைப்பது எனக்கு வருத்தம். தலையெழுத்து ஆயுளையும் கலியாணத்தையும் உத்தியோகத்தையும் பற்றியது. பவுல் எழுதிய முன்குறித்தல் முதலாவதாக இரட்சிப்பைப் பற்றியது. முன்குறித்தவரிடமே போய் மன்றாடவும் இடம் தருவது.

முன்குறித்தலைப் பற்றிய வழக்கு தொடங்கியது 5-ஆம் நூற்றாண்டில். பிரிட்டனிலிருந்து ரோமுக்கு வந்த பெலாஜியஸ், கட்டளை கொடுத்த தேவன் அதைக் கைக்கொள்ளும் திராணியையும் கொடுத்திருக்கிறார் என்றார். தளர்ந்து கிடந்த சபைக்கு அந்த எச்சரிப்பு தேவைதான். ஆனால் ஹிப்போவின் ஆயர் அகுஸ்தீன், விட நினைத்தும் விட முடியாத பழக்கங்களோடு பல ஆண்டு போராடியவர். சித்தமே நோயுற்றிருக்கிறது, கிருபை முந்திக்கொண்டு தொடாமல் அது எழும்பாது என்றார். 418-இல் கார்த்தேஜ் சங்கம் பெலாஜியஸின் போதனையைத் தள்ளியது. 529-இல் ஆரஞ்சு நகரச் சங்கம் கிருபையே முந்தியது என்று உறுதிசெய்தது. தேவன் ஒருவரையும் தீமைக்கென்று முன்குறிக்கவில்லை என்றும் வரம்பு கட்டியது. எந்த மரபை எடைபோட்டாலும் நான் முதலில் கையில் எடுக்கும் அளவுகோல் அந்த வரம்புதான்.

கிழக்கத்திய சபைகள் இந்தச் சண்டைக்குள் அதிகம் இறங்கவில்லை. தேவன் எல்லாவற்றையும் முன்னறிகிறார், எல்லாவற்றையும் முன்குறிப்பதில்லை என்ற தமஸ்கு யோவானின் விளக்கமே அவர்களுக்குப் போதுமாயிருந்தது. கத்தோலிக்கர் 1547-இல் திரெந்து சங்கத்தில், அருள் தூண்டிய சித்தம் அதற்கு இசையவும் மறுக்கவும் கூடும் என்று தீர்மானித்தார்கள். பிறகு இயேசு சபையின் மோலினாவைப் பின்பற்றியவர்களும் தொமினிக்கரும் மோதியபோது, 1607-இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல் எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்லாமல் இரு பள்ளிகளையும் விட்டுவைத்தார். அது பெரிய ஞானம் என்பேன்.

லூத்தர் 1525-இல், சுயாதீன சித்தத்துக்காக வாதிட்ட எராஸ்மஸுக்கு எழுதிய மறுப்பில், மனித சித்தம் அடிமைப்பட்டது என்று அடித்துச் சொன்னார். ஆனால் 1577-இல் லூத்தரன் சபைகள் வகுத்த உடன்படிக்கை, ஜீவனுக்கென்று தெரிந்துகொள்ளுதல் உண்டு, அழிவுக்கென்று இல்லை என்றது. 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்க் வந்ததும் லூத்தரன் மரபிலிருந்துதான்.

மிகக் கசப்பான அத்தியாயம் ஹாலந்தில் நடந்தது. தேவன் தம் சித்தப்படியே தெரிந்துகொள்கிறார் என்று போதித்த கால்வினின் மரபில் படித்த ஆர்மீனியஸ், யார் விசுவாசிப்பார் என்பதை முன்னறிந்தே தேவன் தெரிந்துகொள்கிறார் என்றார். அவர் மறைந்த மறு ஆண்டு, 1610-இல், அவருடைய சீடர்கள் ஐந்து கருத்துகள் அடங்கிய விண்ணப்பத்தை முன்வைத்தார்கள். 1618-19-இல் டார்ட்ரெக்ட் சங்கம் அவற்றைத் தள்ளியது. சுமார் 200 போதகர்கள் பதவி இழந்தார்கள். அவர்களுக்கு ஆதரவாயிருந்த அரசியல் தலைவர் ஓல்டன்பார்னவெல்ட் சிரச்சேதம் செய்யப்பட்டார். அரசியல் பகையும் அதில் கலந்திருந்தது. ஆனாலும் கிருபையைப் பற்றிய விவாதத்தோடு இரத்தம் கலந்தது தீராத வெட்கம். அதே சங்கத்தின் தீர்மானங்களில், முதல் பகுதியின் 17-ஆம் பிரிவைப் படிக்கும்போது மனம் இளகுகிறது: சிசுப் பருவத்திலேயே தங்கள் பிள்ளைகளைப் பறிகொடுத்த விசுவாசிகள், அப்பிள்ளைகள் தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் என்பதைச் சந்தேகிக்க வேண்டாம் என்கிறது. மிகக் கண்டிப்பான சங்கமும் துக்க வீட்டை மறக்கவில்லை.

இங்கிலாந்தில் ஜான் வெஸ்லி ஆர்மீனியஸின் பக்கம், ஜார்ஜ் விட்ஃபீல்ட் கால்வினின் பக்கம். 1739-இல் வெஸ்லி முன்குறித்தலை எதிர்த்துப் பிரசங்கித்தது இருவர் நட்பையும் கிழித்தது. பிறகு ஒப்புரவானார்கள், கருத்து மட்டும் ஒன்றாகவில்லை. 1770-இல் விட்ஃபீல்ட் அமெரிக்காவில் இறந்தபோது, லண்டனில் அவருக்கு நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லியே. பழைய தர்க்கத்தை அவர் அங்கே எடுக்கவில்லை. மறுபிறப்பையும் விசுவாசத்தினால் நீதிமானாவதையும் பேசினார்.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, வெஸ்லியின் மெதடிஸ்டுகளும் கால்வின் மரபின் பிரஸ்பிட்டேரியரும் ஆங்கிலிக்கரோடு ஒரே திருவிருந்துக்கு வந்தார்கள். நம் திடப்படுத்தல் வகுப்புகளில் இந்த வரலாற்றுக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். நாளைக்குத் துக்க வீட்டில் "தேவ சித்தம்" என்று சொல்லப்போகிறவர்கள் அந்தப் பிள்ளைகள்தான்.