பாலத்தின் மேலிருந்து ஓர் ஆறு: கூவம் குறித்த புகைப்படங்கள்

சென்னையின் தெருக்களையும் பாலங்களையும் பதிவுசெய்யும் புகைப்படங்களில் கூவம் ஆறு திரும்பத் திரும்ப இடம்பெறுகிறது. செய்தித்தாள், அரசு வெளியீடு, வார இறுதிப் புகைப்பட நடை, கைபேசி என்று எடுக்கப்படும் இடம் எதுவானாலும் இப்படங்களில் ஒரு பொதுத்தன்மை உண்டு. பெரும்பாலானவை பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று, கீழ்நோக்கி எடுக்கப்பட்டவை. நடுவில் கரிய நீர், இருபுறமும் குப்பை, அதன் விளிம்பில் ஓலையும் தகரமும் வேய்ந்த வீடுகள். வீட்டிலிருப்பவர்கள் தலைகளாக மட்டுமே தெரிவார்கள்.

இந்தக் கோணம் வசதியால் வந்தது. பாலத்தில் நிற்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, நாற்றமும் சற்றுக் குறைவு. ஆனால் வசதிக்காகத் தேர்ந்த இடம் ஒரு கருத்தையும் உடன் கொண்டுவருகிறது. மேலிருந்து பார்க்கும்போது கரையில் வாழ்பவரும் கரையில் கிடக்கும் குப்பையும் ஒரே தளத்தில், ஒரே அளவில் பதிவாகிறார்கள். ஆற்றை மாசுபடுத்துவது யார் என்ற கேள்விக்குப் படமே ஒரு பதிலைச் சொல்லிவிடுகிறது. நகரின் பல பகுதிகளிலிருந்தும் ஆற்றில் வந்து சேரும் கழிவுநீர்க் குழாய்களின் வாய், பாலத்திலிருந்து பார்ப்பவர் கண்ணில் எளிதில் படுவதில்லை.

பாலமே படமாகும்போது

பாலம் சில சமயம் நிற்கும் இடமாக இல்லாமல் தானே படப்பொருளாகிறது. கூவம் கடலோடு சேரும் இடத்தருகே 1869-இல் கட்டப்பட்ட நேப்பியர் பாலம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2022-இல் 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாட்டுக்காக அப்பாலம் கறுப்பு வெள்ளைக் கட்டங்களாக வண்ணம் பூசப்பட்டபோது, அதன் படங்கள் நாடெங்கும் பரவின. அழகான படங்கள்தாம், ஐயமில்லை. ஆனால் பரவியவற்றில் பாலம் எதன் மேல் நிற்கிறது என்று கேட்கத் தோன்றும் படங்கள் குறைவு. ஆறு சட்டகத்துக்கு வெளியே போயிருந்தது, அல்லது விளக்கொளி விழும் கண்ணாடியாக மாறியிருந்தது.

மதுரவாயலிலிருந்து துறைமுகம் செல்லும் உயர்மட்டச் சாலைத் திட்டம் வேறு வகைப் படங்களைத் தந்தது. 2009-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, ஆற்றின் நீரோட்டத்துக்குத் தடையாகும் என்ற காரணத்தால் 2012-இல் நிறுத்தப்பட்ட திட்டம் அது. 2022-இல் ஈரடுக்குச் சாலையாக மீண்டும் அடிக்கல் நாட்டப்பட்டது. இடைப்பட்ட பத்தாண்டுகளில் கூவத்தின் ஓரமாக வெறும் தூண்கள் நின்றன. புகைப்படக்காரர்களுக்கு அவை பெரும் ஈர்ப்பு: வரிசை, நிழல், மீளும் வடிவம், மேலே எதையும் தாங்காத காங்கிரீட். இத்தகைய படங்களில் வடிவம் வெகு சீக்கிரம் பொருளை விழுங்கிவிடுகிறது. தூணின் காலடியில் துணி காயப்போட்டிருப்பவர் ‘அளவு காட்டும் உருவம்’ ஆகிவிடுகிறார்.

இடிப்பதற்கு முன் எடுத்த படங்கள்

தெருக்களைப் புகைப்படமெடுப்பதற்கும் தெருக்களை அகற்றுவதற்கும் உள்ள தொடர்பு பழையது. பாரிஸில் சார்ல்ஸ் மார்வில் 1860-களில் நகராட்சிக்காக எடுத்த பழைய தெருக்களின் படங்கள், ஓஸ்மான் திட்டத்தில் இடிபட இருந்த பகுதிகளைப் பதிவுசெய்தன. தோல் பதனிடும் பட்டறைகள் நிறைந்த பியேவ்ர் என்ற சிற்றாற்றையும் அவர் படமெடுத்தார். பாரிஸுக்குள் அந்த ஆறு பின்னர் முழுவதும் மூடப்பட்டுவிட்டது. கிளாஸ்கோவில் தாமஸ் அன்னன் 1868 முதல் 1871 வரை நெருக்கடியான சந்துகளை எடுத்ததும் நகர மேம்பாட்டு அறக்கட்டளைக்காகத்தான். ஆனால் அன்னன் சந்துக்குள் இறங்கி நின்றார். நீண்ட நேரம் திறந்திருந்த கேமராவின் முன் குழந்தைகள் அசைந்து மங்கலானார்கள், பெரியவர்கள் நேராகப் பார்த்தார்கள். இடிப்பதற்குச் சான்றாகக் கேட்கப்பட்ட படங்கள் இன்று அங்கே வாழ்ந்தவர்களின் சான்றாக இருப்பதற்கு அந்த நின்ற இடம் ஒரு காரணம்.

கூவத்தில் இத்தகைய தொகுப்பு உருவாகியிருக்க வேண்டிய காலம் கடந்துகொண்டிருக்கிறது. ஆற்றுச் சீரமைப்புத் திட்டத்துக்காகக் கரையோரக் குடியிருப்புகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நகரின் தென்கோடியில் பெரும்பாக்கம் போன்ற இடங்களுக்கு மாற்றப்பட்டன. 2021 ஜூலையில் அரும்பாக்கம் ராதாகிருஷ்ணன் நகர் வீடுகள் இடிக்கப்பட்டபோது வெளியான படங்களில் பல, பொக்லைன் வந்த நாளின் படங்கள். அதற்கு முந்தைய நாள் அத்தெரு எப்படி இருந்தது, எந்த வாசலில் கோலம், எந்தத் திண்ணையில் தையல் இயந்திரம் என்று காட்டும் படங்கள் அங்கிருந்தவர்களின் கைபேசிகளில்தான் இருக்கும். இன்னொரு முரணும் உண்டு. கூவக்கரை உள்ளிட்ட பகுதிகளிலிருந்து அகற்றப்பட்டவர்கள் குடியமர்த்தப்பட்ட கண்ணகி நகரின் சுவர்களில் 2020-இல் பெரிய ஓவியங்கள் வரையப்பட்டன. அதன்பின் அங்கே கேமராக்கள் வந்தன. கரையில் இருந்தபோது தலைகளாகத் தெரிந்தவர்கள், இப்போது ஓவியத்தின் முன் நடந்துபோகும் உருவங்கள்.

கரையில் நின்றவர்கள்

எம். பழனிக்குமாரின் பணி இதற்கு மாற்று. ‘கக்கூஸ்’ (2017) ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளரான அவர், தூய்மைப் பணியாளர்களின் வாழ்வைப் பல ஆண்டுகள் தொடர்ந்து எடுத்தவர். 2022-இல் தயாநிதா சிங் – பாரி ஆவணப் புகைப்பட விருது பெற்றார். அவருடைய படங்களில் கேமரா பெரும்பாலும் எடுக்கப்படுபவரின் கண்மட்டத்தில் இருக்கிறது. அதைவிட முக்கியமாக, வடசென்னை மாணவர்களுக்குப் புகைப்படம் கற்பித்து, அவர்கள் தங்கள் தெருக்களை எடுத்த படங்கள் காட்சிக்கு வரச் செய்தார். அவலத்தை வெளியிலிருந்து தேடி வருபவர் எடுக்க நினைக்காத படங்களுக்கு இதனால் இடம் கிடைக்கிறது.

மேற்குப் புறநகரில் இத்தகைய முயற்சிக்கு இடம் நிறைய இருக்கிறது. அம்பத்தூரை ஒட்டிய மேனாம்பேட்டின் அருகே ஆறு இல்லை. இப்பகுதியின் நீர்நிலைகள் ஏரிகள். அம்பத்தூர் ஏரியின் உபரிநீர் கொரட்டூர் ஏரிக்குச் செல்கிறது. கூவத்தைக் காண தெற்கே தொழிற்பேட்டையையும் முகப்பேரையும் தாண்டி நொளம்பூர் வரை போக வேண்டும். நொளம்பூரையும் மதுரவாயலையும் இணைத்த தரைப்பாலம், வெள்ளக் காலங்களில் நீரில் மூழ்கிச் செய்தியாகிவந்தது. அதில் நிற்பவருக்கு உயரம் கிடையாது. நீரும் எதிரே வரும் மிதிவண்டிக்காரரும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருப்பார்கள். நகரத்துப் பெரிய பாலங்கள் தராத கோணம் இது.

மாணவர்கள் கவனிக்க வேண்டிய மற்றொன்று படக்குறிப்பு. ‘கூவம், சென்னை’ என்று மட்டும் எழுதப்பட்ட படம் பத்தாண்டு கழித்து எதற்கும் பயன்படாது. எந்தப் பாலம், எந்தக் கரை, எந்தத் திசை நோக்கி, எந்தத் தேதி, அக்குடியிருப்பை அங்குள்ளவர்கள் என்ன பெயரால் அழைத்தார்கள் என்ற ஐந்தும் இருந்தால், ‘நாங்கள் இங்கே இத்தனை ஆண்டாக இருந்தோம்’ என்று சொல்லும் குடும்பத்துக்கு அந்தப் படம் ஒரு தாளாகும். முகம் தெளிவாகத் தெரியும் படத்தை வெளியிடுமுன் உரியவரிடம் கேட்பதும், ஒரு பிரதியை அவரிடம் கொடுப்பதும் இதில் சேரும். பாலத்தின் மேல் நின்று எடுப்பவருக்கு இந்த இரண்டும் இயலாது.