கிம்மும் சாரணரும்

மலைக்காட்டிற் பாசறை அமைத்த சாரணச் சிறுவர், அடிச்சுவடு பற்றிச் சென்று மறைபொருளொன்றைத் துலக்கும் கதைகள் ஆங்கிலத்திற் பல. அவற்றின் முன்னோடிகளுள் ஒன்று, றட்யாட் கிப்ளிங் 1901ஆம் ஆண்டில் வெளியிட்ட 'கிம்' என்னும் நாவலாகும். சாரண இயக்கத்தின் தந்தையாகிய பேடன் பவல், 1908இல் வெளிவந்த தம் சாரண நூலில் கிம்மின் வரலாற்றைச் சுருக்கியுரைத்து, அவனைச் சிறுவர்க்கு முன்மாதிரியாகக் காட்டினார். தட்டிற் பரப்பிய பொருள்களைச் சிறிது பொழுது நோக்கி, அவை மூடப்பட்டபின் நினைவிலிருந்து உரைக்கும் 'கிம் விளையாட்டு' இன்றும் சாரணர் பயிற்சியில் இடம்பெறுகின்றது. நாவலில் இப்பயிற்சியைச் சிம்லாவில் அளிப்பவர் மணி வணிகராகிய லர்கன்.

ஆயின், இப்பயிற்சி இமயமலையில் எவ்வாறு பயன்பட்டது? இதுவே ஆராயத்தக்கது.

இலாகூர்த் தெருக்களில் வளர்ந்த ஐரிஷ் அநாதைச் சிறுவனாகிய கிம், புனித ஆறொன்றைத் தேடியலையும் திபெத்திய இலாமாவின் சீடனாகின்றான். அதே வேளையில் ஆங்கில அரசின் ஒற்றனாகவும் பயில்கின்றான். மலையில் இரசியர் ஒருவரும் பிரெஞ்சுக்காரர் ஒருவரும் எதிர்ப்படுகின்றனர். இலாமா வரைந்த பவச்சக்கரப் படத்தை இரசியர் பறித்துக் கிழித்து, அவர் முகத்திலும் அறைகின்றார். கிம் அவர்மீது பாய்கின்றான். துறவியை அடித்த பாவத்துக்கு அஞ்சிச் சினந்த கூலியாள்கள் மூட்டைகளோடு அகல்கின்றனர். அவற்றிலிருந்த மறைவான தாள்கள் கிம்மின் கையிற் சேர்கின்றன.

ஆகவே, இவ்வெற்றிக்குக் கூர்த்த நோக்கு முதற்காரணமன்று. எளிய மலைமக்கள் ஒரு துறவிபாற் கொண்ட பத்தியே முதற்காரணம். பழிவாங்கத் துடித்த அவர்களைத் தடுத்த இலாமாவோ, தம் உள்ளத்திற் கிளர்ந்த சினத்தையே குற்றமாகக் கண்டு வருந்துகின்றார். கிம் பிறர் மறைவைத் துலக்குகின்றான். இலாமா தம் உள்ளத்தைத் துலக்குகின்றார். நாவலின் உயர்வு இவ்விரு தேடல்களையும் ஒருங்கு நிறுத்தியமையில் உள்ளது.

அதன் குறையும் ஆங்கேயே உள்ளது. தன்னை வளர்த்த மக்களை ஆளும் அரசுக்கே தான் ஒற்றனாயினமையைக் கிம் ஒருபொழுதும் எண்ணிக் கலங்குவதில்லை. எட்மண்ட் வில்சன் 1941இல் இக்குறையைச் சுட்டினார். கிப்ளிங்கின் நோக்கில் அங்கே முரணே இல்லையென எட்வர்ட் சயித் 1993இல் விடையிறுத்தார். சயித்தின் விளக்கம் ஆசிரியரின் மனத்தைக் காட்டுகின்றது. ஆயினும் குறையை அது நீக்கவில்லை. முரணைக் காணாமையே அக்குறை என்க.

சாரணக் கதை எழுதப் புகுவோர்க்கு இந்நூல் உணர்த்துவது யாது? கண்ணைப் பழக்குதல் எளிது. கண்டதை யார்பொருட்டுப் பயன்படுத்துவது என்று வினாவுதல் அரிது. அவ்வினாவை எழுப்பாத கதை, எத்துணை விறுவிறுப்புடையதாயினும், சிறுவனைத் திறமையுள்ள ஏவலாளனாக்குமேயன்றி அறிவுடையோனாக்காது.